சுஹறாவின் தேசிக்காய்க் கிறீம்

சுஹறா மீன் சமைக்கமாட்டாள். கல்முனைக்குடியில் இருந்துகொண்டு மீன் சமைக்காத பெண் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? காலையில் மீன்காரன் சைக்கிளில் கத்திக்கொண்டு வந்தால் ஒழுங்கையில் எல்லாக் கதவும் திறக்கும். இவள் வீட்டு நீலக் கேற் மட்டும் படாரென்று மூடும். கருவாடு இல்லை, இறால் இல்லை. நோன்பு காலத்தில் ஊரே காய்ச்சி ஆறவைத்து வெட்டித் தின்கிற கடற்பாசிகூட அந்த வாசலைத் தாண்டாது. கடலில் விளைந்த ஒன்றும் வேண்டாம். அதற்கு மேல் அவளோடு கதைத்துப் பயனில்லை.

காரணம் ஊருக்குத் தெரியும். 2004ஆம் ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலை, புருசன் மீராசாஹிபு கரைவலை இழுக்கப் போயிருந்தார். வீட்டில் இவளும் இரண்டு பிள்ளைகளும். சத்தம் கேட்டு ஓடினாள். வலக்கையில் மகள் றுக்ஸானா, பதினாலு வயது. இடக்கையில் மகன் நளீம், ஆறு வயது. தண்ணீர் வடிந்தபோது வலக்கையில் மகள் இருந்தாள். இடக்கையில் ஒன்றும் இல்லை. மீராசாஹிபின் மையத்து மூன்றாம் நாள் கிடைத்தது. பிள்ளை கிடைக்கவேயில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சும்மா பயமில்லை, எலும்புக்குள் இறங்கிய பயம். மகளைப் பக்கத்து வீட்டு ராத்தாவின் பொறுப்பில் விட்டு, வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக ஏஜென்சிக்காரரிடம் போனவள், “கடல் இல்லாத ஊரு எதுவோ அங்க அனுப்புங்க” என்றாள். அந்த மனிசன் சிரித்துவிட்டு றியாத்துக்கு அனுப்பினார். இரண்டு வருசம் மணலுக்கு நடுவில் நிம்மதியாகத் தூங்கினாள். வரும்போது ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குக் காசும், அகன்ற ஒரு கண்ணாடிக் கோப்பையும், தேசிக்காய்க் கிறீம் செய்கிற கைப்பக்குவமும் கொண்டுவந்தாள். கடற்பாசி போடாமல், எலுமிச்சைப் புளியிலேயே இறுகுகிற இனிப்பு! அந்த ஒன்றுக்காகவே அதை அவள் விழுந்து விழுந்து கற்றாள்.

இப்போது 2009 மே மாதம். றுக்ஸானாவுக்குப் பத்தொன்பது வயது. சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அஸர் தொழுகை முடிந்து வரப்போகிறார்கள். பையன் பெயர் றஊப், நெல் ஆலையில் இயந்திரம் திருத்துகிறவன்.

இதுவரை வந்தது இரண்டு சம்பந்தம். இரண்டும் முறிந்தது பெண்ணால் அல்ல, பெண்ணின் உம்மாவால். முதல் கூட்டம் வந்திருந்தபோது ஒழுங்கையில் ஒரு லொறி கருங்கல் கொட்டியது. சுஹறா துள்ளி எழுந்து, மாப்பிள்ளையின் உம்மாவை மதிலில் ஏறச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தாள். பாவம், அந்தப் பருத்த மனிசி! இரண்டாம் கூட்டம் வந்த நாளில் இடி முழங்கியது. தேத்தண்ணீர்த் தட்டத்தை நடுவீட்டில் போட்டுவிட்டு இவள் தெருவில் நின்றாள். இந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். வாழப்போவது மாமியின் கூரைக்குக் கீழே. அந்த மாமிக்கு மூளை பிசகு என்று ஊர் சொன்னால் எந்தத் தாய் மகனை அனுப்புவாள்?

பக்கத்து வீட்டு ஜெமீலா ராத்தாதான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர். காலையிலேயே வந்து விரலை நீட்டி எச்சரித்தார்.

“இஞ்ச பாருகா சுஹறா. இது மூணாவது. இதுவும் போனா மறுகா ஒருத்தரும் இந்தக் கேற்றத் தட்ட மாட்டாங்க. வானம் இடிஞ்சாலும் நீ கதிரைய விட்டு எழும்பப்படா. விளங்குதா?”

“ஓம் ராத்தா.”

“சத்தம் கேட்டா என்ன செய்வாய்?”

“ஸலவாத்து ஓதிட்டு இரிப்பன்.”

“சிரிச்ச முகத்தோட இரி. மையத்து ஊட்டுல இரிக்கிற மாதிரி இரியாத.”

தலையை ஆட்டினாள். 

தேசிக்காய் கொண்டுவந்தது பாண்டிருப்பு வேலப்போடி. சைக்கிளில் கீரையும் தேசிக்காயும் விற்கிற தமிழ்க் கிழவர். எந்த நாளும் கேற்றடியில் நின்று ஊர்ப்புதினம் பத்தும் சொல்லாமல் போகாதவர், அன்றைக்கு எட்டுத் தேசிக்காயை அவசரமாக அவள் முந்தானையில் போட்டார்.

“என்ன போடியார், ஓட்டமா போறீங்க?”

“வன்னியில சண்டை எல்லாம் முடியப்போகுதாம் தங்கச்சி. எங்கட பக்கம் எல்லாரும் கதவச் சாத்திப்போட்டு இருக்கிறாங்க. எனக்கும் நெஞ்சு படபடக்குது. நீயும் இண்டைக்கு வெளிய திரியாத.”

அவர் சைக்கிள் ஒழுங்கை முடக்கில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். இவருக்கே பயமென்றால்! வேலப்போடியின் பயம் வேறு பயம் என்பது அவளுக்கு விளங்காமலில்லை. ஆனால் பயத்துக்கு இனம் சாதி தெரியுமா? அதுவும் வந்து இவளுடைய பயத்தோடு ஒட்டிக்கொண்டது.

குசினிக்குள் நுழைந்து வேலையைத் தொடங்கினாள். தேசிக்காயைக் கழுவித் துடைத்து, பச்சைத் தோலை மட்டும் துருவினாள். வெள்ளை பட்டால் கசக்கும். பிறகு பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டி, வெட்டிப் பிழிந்து, விதை போக வடித்தாள். விசுக்கோத்தைத் தூளாக்கி, உருக்கிய பட்டரில் பிசைந்து கோப்பையின் அடியில் அழுத்தினாள். சட்டியில் ஒரு டின்பால், ஒரு டின் கிறீம். கரண்டியால் அடித்து அடித்துத் தேசிக்காய்ப் புளியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

இதுதான் அவளுக்குப் பிடித்த இடம். அடுப்பில்லை, சூடில்லை, கடற்பாசியில்லை. தண்ணீர்போல ஓடிக்கொண்டிருந்த பால் புளி பட்டதும் மெல்ல மெல்லத் தடித்து, கரண்டியைப் பிடித்து இழுக்கும். ஓடுகிறது ஒன்று, ஓட்டத்தை நிறுத்திவிட்டு அடங்கி நிற்கும். ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு ஆறும். கோப்பையில் ஊற்றி, மட்டமாக்கி, குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தாள்.

பிறகுதான் பதைப்புத் தொடங்கியது. இறுகுமா? கரண்ட் போனால்? கால் மணிக்கு ஒருக்கால் கதவைத் திறந்து பார்த்தாள்.

“உம்மா, இப்பிடித் திறந்து திறந்து பாத்தா அது எப்பிடி இறுகும்?” றுக்ஸானா சிரித்தாள். “கிறீமுக்குப் பயப்புடுறீங்களா, சம்பந்தத்துக்கா?”

“எல்லாத்துக்கும்தான்டி. போய்க் குளி. மூண்டரை ஆகுது.”

மகள் பின்பக்கம் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சுஹறா கோப்பையை வெளியே எடுத்தாள். மேலே துருவிய தோலைத் தூவினால் வேலை முடிந்தது. அசைத்துப் பார்த்தாள். அல்ஹம்துலில்லாஹ், ஆடவில்லை. வெளிச்சத்தில் அழகு பார்க்க வாசல்வரை கொண்டுபோனாள். அல்லாஹ்வே, அதை வைத்துவிட்டுப் போயிருக்கக்கூடாதா?

அப்போது கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். ஒன்றல்ல, தொடர்ந்து தடதடதடவென்று. தென்னைகளிலிருந்து காகங்கள் கூட்டமாகக் கிளம்பின. ஒழுங்கையின் கிழக்கு முனையில், கடல் இருக்கும் திசையிலிருந்து, பத்துப் பதினைந்து பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள்.

காகமும், சத்தமும், கடலுக்கு முதுகு காட்டி ஓடும் பிள்ளைகளும். அன்றைக்கும் இதேதான். ஸலவாத்தாவது கதிரையாவது!

“கடல் வருகுது! அல்லாஹ்வே, கடல் வருகுது, ஓடுங்கோ!”

அந்தக் குரலுக்கு ஒழுங்கை முழுவதும் எழும்பியது. வேறு ஊராக இருந்தால் யாராவது நின்று எட்டிப் பார்த்திருப்பார்கள். இந்த ஊரில் நின்று பார்த்தவர்கள் மையவாடியில் கிடக்கிறார்கள். ஆகவே ஒருவரும் பார்க்கவில்லை. அடுப்பை அணைக்கவில்லை, செருப்புப் போடவில்லை. எச்சரித்த ஜெமீலா ராத்தாவே முன்னால் ஓடினார், கையில் அகப்பையோடு! ஒழுங்கை தெருவாகி, தெரு பிரதான வீதியாகி, சனம் மேற்கே சம்மாந்துறை றோட்டை நோக்கிப் பாய்ந்தது. முதுகுக்குப் பின்னால் தண்ணீர் வருகிற இரைச்சல் அவளுக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. கால் தரையில் பாவவில்லை. பிடி, விடாதே, பிடி, விடாதே என்று மட்டும் நெஞ்சு அடித்தது.

சந்தியில் சனத்துக்குள் மாட்டி ஒரு வெள்ளை வான் நின்றது. பக்கக் கதவைத் திறந்து ஒரு மனிசி இவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

“ஏறுகா புள்ள, ஏறு! மூச்சு வாங்கு. ஊட்டுல உள்ளவங்க எல்லாரும் வந்துட்டாங்களா?”

சுஹறா குனிந்து தன் கைகளைப் பார்த்தாள்.

வலக்கையில் கோப்பை. இடக்கையிலும் அதே கோப்பை. இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே கிறீம், ஒரு மூலைகூடக் கலங்காமல்.

அவள் போட்ட கூச்சலில் வானுக்குள் இருந்த எல்லோரும் நடுங்கிப்போனார்கள்.

“என்ட புள்ள! குளிக்கப் போனவ! நான் விட்டுட்டு வந்துட்டன்! அல்லாஹ்வே, இதையும் விட்டுட்டன்!”

வெளியே பாயப் பார்த்தாள். மனிசி இடுப்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். வானை ஓட்டிவந்த பையன் முன் ஆசனத்திலிருந்து திரும்பினான்.

“ஊடு எங்க? சொல்லுங்க, ஊடு எங்க?”

“பள்ளிக்குப் பின் ஒழுங்கை... நீலக் கேற்று...”

அவன் ஒரு கணம் தன் உம்மாவைப் பார்த்தான். அவர்கள் போய்க்கொண்டிருந்ததே அந்த நீலக் கேற் வீட்டுக்குத்தான்.  கதவைத் திறந்து குதித்து, மேற்கே வருகிற அத்தனை சனத்தையும் தள்ளிக்கொண்டு கிழக்கே, கடல் பக்கம் ஓடினான்.

“றஊப்! மகன்!” என்று அந்த மனிசி கத்தினாள். அந்தப் பெயரைக் கேட்டதும் சுஹறாவுக்கு எல்லாம் விளங்கிற்று. தன்னைக் கட்டிப்பிடித்திருப்பது பல்கீஸ், மாப்பிள்ளையின் உம்மா. ஓடிப்போனது அவர் பெற்ற பிள்ளை. தன் மகளை விட்டதும் போதாதென்று, அடுத்தவளின் மகனையும் கடலுக்கு அனுப்பிவிட்டாள். இரண்டு தாய்மாரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நடுங்கினார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. கடல் வரவில்லை. யாரும் பயப்படவேண்டாம். யுத்தம் முடிந்ததென்று செய்தி வந்திருக்கிறது. கடற்கரை இராணுவ முகாமில் ஆகாயத்தைப் பார்த்துச் சுடுகிறார்கள், பட்டாசு கொளுத்துகிறார்கள். எல்லாரும் வீட்டுக்குப் போங்கள்.

சனம் நின்றது. சிலர் அழுதார்கள், சிலர் சிரித்தார்கள், நிறையப் பேர் ஏசினார்கள். “ஆருடா முதல்ல கத்தின? அந்த வாயத் தைக்கோணும்!” முப்பது வருசத்து யுத்தம் முடிந்த செய்தியை அந்த றோட்டில் ஒருவரும் கதைக்கவில்லை. ஜெமீலா ராத்தா அகப்பையோடு வான் பக்கம் வந்து, உள்ளே யார் யார் என்று கண்டதும் தலையில் கை வைத்தார். சுஹறா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாவதும் போயிற்று. போகட்டும். பிள்ளை மட்டும் வரட்டும், யா அல்லாஹ், பிள்ளை மட்டும் வரட்டும்.

வந்தாள். தலை ஈரம் சொட்டச் சொட்ட, முக்காடு நழுவ, றஊபுக்குப் பின்னால் நாலடி தள்ளி நடந்து வந்தாள். உம்மாவைக் கண்டதும் ஓடி வந்தாள்.

“உம்மா! நீங்க உள்ளுக்குத்தான் நிக்கிறீங்க எண்டு ஒவ்வொரு அறையா தேடினன். நீங்க என்ன விட்டுட்டுப் போக மாட்டீங்கதானே?”

சுஹறா வானை விட்டு இறங்கினாள்.  மகளைத் தொடக் கை வேண்டும். கையோ கோப்பையை விடவில்லை. விரல்கள் மரத்துப்போயிருந்தன. பல்கீஸ் பக்கத்தில் குனிந்து இடக்கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அன்றைக்கு நளீமை விட்ட கை, இன்றைக்கு ஒரு கோப்பையை விடாமல் பிடித்திருந்தது. கோப்பை நீங்கியதும் றுக்ஸானா தன் கையை அதற்குள் வைத்தாள். அப்போதுதான் சுஹறா அழுதாள், நாலரை வருசத்து அழுகையை நடுறோட்டில் வைத்து அழுதாள்.

வானிலேயே எல்லோரும் நீலக் கேற்றுக்கு வந்தார்கள். கோப்பை மேசையில் இருந்தது. சுஹறா உட்காரவில்லை. சிரித்த முகம் இனி எதற்கு? உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று நின்றாள்.

“முதல்ல கத்தினது நான்தான். நாளைக்கும் கத்துவன். இது போற வருத்தமில்ல. இண்டைக்கு நான் பெத்த புள்ளைய மறந்துபோட்டு ஓடிட்டன். உங்கட மகனும் என்னாலதான் ஓடின. வேணாமெண்டா இப்பவே சொல்லுங்க, நான் கோவிக்க மாட்டன்.”

பல்கீஸ் கதிரையை மேசையடிக்கு இழுத்தார். கோப்பையில் கரண்டியை விட்டு, ஒரு வாய் எடுத்து வைத்தார். நாக்கில் புளிப்பும் இனிப்பும் பட்டுக் கண்ணைச் சுருக்கினார்.

“இவ்வளவு ஓட்டத்துக்கும் கலங்கல்லியே. கடற்பாசி போட்டதா?”

“கடல்ல உள்ள ஒண்டும் நான் போடுறல்ல.”

பல்கீஸ் தலையசைத்தார். கரண்டியை மகனிடம் நீட்டி, “இந்த ஊட்டுல இரிக்கப் போறது நீ. நீதான் சொல்லோணும்” என்றார்.

றஊபுக்கு முகம் சிவந்துவிட்டது. சட்டையெல்லாம் வியர்வை, ஒரு காலில் செருப்பில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“மாமி எத்தின தரம் கத்தினாலும் கத்தட்டும். கத்தினா அவங்கட மகளக் கூட்டிட்டு ஓடுறதுக்கு நான் ஊட்டுல இரிப்பன்தானே.”

கதவுக்குப் பின்னால் றுக்ஸானாவின் வளையல் சத்தம் கேட்டது. கடற்கரைப் பக்கம் இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் சுஹறாவின் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆனாலும் வாசலுக்கு ஓடவில்லை. ஒரு தட்டை எடுத்து, மாமி என்று கூப்பிட்டவனுக்கு ஒரு பெரிய கரண்டி கிறீம் வைத்தாள்.