வண்டி போகாத மாதம்

அவளுக்குப் பெயர் கேட்டக்கா. சாலையின் குறுக்கே நிற்கும் இரும்புக் கேட்டுக்குக் காவல் என்பதால் ஊர் வைத்த பெயர். லாரி ஓட்டுகிறவர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவள் அக்கா. கூடப்பிறந்த தங்கை மட்டும் ஆறு வருஷமாக அப்படிக் கூப்பிடவில்லை.

மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது, சதுப்பில் கிடக்கும் பாம்பும் தவளையும் சாலையைக் கடந்து பாறைக்குன்றுக்குப் போகும். அவை சக்கரத்தில் நசுங்காமலிருக்க அந்த ஒரு மாதம் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஆள் நடக்கலாம், வண்டி போகக்கூடாது. கேட்டுக்கு அந்தப்பக்கம் அரை மைலில் கேட்டக்காவின் வீடு. ஆறு வருஷத்துக்கு முன் இதே மாதத்தில்தான், வெளியூரில் தங்கை வீட்டில் அம்மா கண்ணை மூடினாள். மாற்று ஆள் வரும்வரை காத்திருந்து இவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்று காலை கேட்டுக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"அக்கா, திற."

தங்கை! கேட்டக்கா ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டியா? இறங்கு, நடந்தே போயிடலாம். நான் முன்னால போறேன், என் பின்னாலயே வா."

"பல்லியைப் பார்த்தாலே கட்டில் மேல ஏறுறவ நான். பாம்புக்கு நடுவுல நடக்கச் சொல்றே! ஒரே ஒரு தடவை திறயேன். யார் பார்க்கப் போறா?"

சாவி இடுப்பில்தான் இருந்தது. எடுத்துப் பூட்டில் நுழைத்தும்விட்டாள். இன்று திறந்தால், அன்று ஏன் போட்டது போட்டபடி ஓடிவரவில்லை என்று தங்கை கேட்பாள். சாவியை உருவிக்கொண்டாள்.

தங்கை இறங்கிவந்து, கேட்டின் ஓரத்து இடைவெளியில் ஒரு காலை வைத்தாள். தவளை ஒன்று செருப்பின்மேல் தாவியது. அலறிக்கொண்டு பின்வாங்கியவளைப் பார்த்துக் கேட்டக்கா சிரித்துவிட்டாள். தங்கைக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது.

"அன்னிக்கு அம்மாவுக்கும் இந்தக் கேட்டு. இன்னிக்கு எனக்கும் இதே கேட்டுதானா?"

"பதினோரு நாள்ல திறந்துடுவேன். வருவியா?"

"பார்க்கலாம்."

கார் திரும்பிப் போனது. வளைவைத் தாண்டியபிறகும் கேட்டக்கா நின்றுகொண்டிருந்தாள்.

மதியம் சாப்பிட வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் நீளமாக ஒரு பாம்பு, வெயில் காய்ந்தபடி சாலைக்குக் குறுக்கே படுத்திருந்தது.

"உனக்கென்னடி, உன் வீட்டுக்குப் போறே. சீக்கிரம் போ" என்றாள்.

அது அசையவில்லை. அவளும் நின்றாள். வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை.