நாலு மணிக்கு மேல் பெயர் வெட்டப்படும்

அந்தக் கட்டடத்தைப் பற்றி இரண்டு முறை செய்தி எழுதியிருக்கிறேன். இரண்டிலும் முக்கியமானது விட்டுப்போயிற்று.

எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மதுரைப் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். எழுதியதைக் கவரில் போட்டு மாலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட வேண்டும். மதுரையில் அலுவலகத்து ஆள் வந்து வாங்கிக்கொள்வார். எவ்வளவு வெட்டினார்கள் என்பது மறுநாள் பேப்பரைப் பார்த்தால்தான் தெரியும்.

கட்டடம் எழுந்த இடம் பழைய கடைத்தெரு. சுந்தரபாண்டியம், கான்சாபுரம் பக்கத்துக் கிராமத்து பஸ்கள் ஒரு காலத்தில் அந்தத் தெரு முனையில்தான் நின்றன. பிறகு நிறுத்தத்தை மாற்றினார்கள். ஒன்றிரண்டு வருஷத்தில் பாதிக் கடைகள் மூடிவிட்டன. மிஞ்சியவை ஒரு பாத்திரக்கடை, மருந்துக்கடை, தையற்கடை, வளையல் கடை, முனையில் பூக்கூடையுடன் ஓர் அம்மாள். சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் தெரு இருட்டிவிடும். கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்தவர்கள், வந்ததுதான் வந்தோம் என்று இன்னொரு பஸ் ஏறி ராஜபாளையத்துக்குப் போனார்கள்.

அந்தத் தெருவில் ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி ஒருவர் பழைய லாட்ஜ் ஒன்றை இடித்து, கீழே நாலு கடையும் மேலே நாலு வீடுமாகக் கான்கிரீட்டில் கட்டினார். தன் கடைக்கு மேலே தானே குடியிருப்பது எங்கள் ஊரில் உண்டு. அடுத்தவர் கடைக்கு மேலே வாடகைக்குப் போவது புதுசு. வீடு பார்க்க வந்தவர்கள் வற்றல் எங்கே காயப்போடுவது என்று கேட்டார்கள், தண்ணீர் யார் தூக்குவது என்று கேட்டார்கள். ஒரு பெரியவர் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று இரண்டு கைகளையும் நீட்டி அளந்து பார்த்தார். பாடை திரும்புமா என்று பார்க்கிறார். யாரும் அவரிடம் என்ன என்று கேட்கவில்லை. அந்தக் குடும்பம் திரும்பி வரவில்லை.

திறப்பு விழாவுக்கு நான் எழுதிய முதல் செய்தியில் நாலு கடை, நாலு வீடு, கடைத்தெருவுக்குப் புதுப்பொலிவு என்று இருந்தது. புதுப்பொலிவு கட்டடக்காரரான அந்தப் பஞ்சு வியாபாரி சொன்ன வார்த்தை. அதில் ஒரு வீட்டுக்கு நானே குடிபோனேன். பக்கத்து வீட்டுக்கு ஒரு டீச்சரும் அவர் கணவரும் வந்தார்கள். கணவர் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். ஷிஃப்ட் வாராவாரம் மாறும். மற்ற இரண்டு வீடுகளும் பூட்டிக் கிடந்தன.

கீழே பாத்திரக்கடை. எதிர்வரிசையில் இருந்த தன் பழைய கடையை மூடிவிட்டு, சரக்கு முழுவதையும் கடைக்கார அண்ணாச்சி இங்கே கொண்டுவந்திருந்தார். ஐப்பசியில் ஒருநாள் கட்டடக்காரர் வந்து நாற்காலியில் உட்காராமலே பேசினார்.

“தை பொறக்கட்டும் அண்ணாச்சி. அதுக்குள்ள மேல நாலு வீட்டுலயும் வெளக்கு எரிஞ்சாச் சரி. இல்லேன்னா மாடிய மொத்தமாப் பஞ்சுக் குடோனாக்கிருவேன். மூட்டை வாடகையும் குடுக்கும், தண்ணியும் கேக்காது.”

அண்ணாச்சிக்கு அதன் அர்த்தம் தெரியும். குடோன் என்றால் லாரி கடை வாசலை மறைத்து நிற்கும். மாடியில் வெளிச்சம் இராது. தெரு முன்னைவிடச் சீக்கிரம் இருட்டும். அதன்பிறகு அவருக்கு ஒரே வழி, ராஜபாளையத்தில் மைத்துனர் நடத்தும் பெரிய பாத்திரக்கடை.

“மச்சினன் கடையில போய் நின்னு, அவன் கைகாட்டுத தட்ட எடுத்துக் குடுக்கணும்” என்று என்னிடம் சொன்னார். “அதுக்கு நான் வீட்டுலயே சும்மா கெடந்துருவேன்.”

ஆகவே மாடியில் ஆள் இருக்க வேண்டும் என்பதில் கட்டடக்காரரைவிட அண்ணாச்சிக்கு அக்கறை அதிகம். ஆனால் இருந்த ஆளை விரட்டிக்கொண்டிருந்ததும் அவர்தான்.

அந்த நாளில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் யாரும் கொண்டுபோவதில்லை. சீர்ப்பாத்திரம் என்றால் கேட்கவே வேண்டாம். டம்ளர்வரைக்கும் பெயர் வேண்டும். அண்ணாச்சி முழங்கால்களுக்கு இடையில் பாத்திரத்தை இடுக்கிக்கொண்டு, சிறிய உளியும் சுத்தியலுமாகப் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுத்தை ஓட்டுவார். தட்டு என்றால் பரவாயில்லை. எவர்சில்வர் குடம் கோயில் மணிபோலக் கேட்கும். கான்கிரீட் தளம் அந்தச் சத்தத்தை அப்படியே மேலே கொடுத்தது. நேர் மேலே, நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்த மனிதர் படுத்திருப்பார்.

ஒருநாள் படிக்கட்டில் நிறுத்தி அவர் என்னிடம் சொன்னார். “மில்லுல அம்புட்டுச் சத்தம் சார். அதுல நின்னுக்கிட்டே தூங்கிருவேன். இது அப்படி இல்ல. டிக் டிக்னு அடிக்காரு, நிறுத்துதாரு. முடிஞ்சிருச்சுன்னு கண்ண மூடுவேன். அடுத்த எழுத்த ஆரம்பிப்பாரு. நேத்து வந்தவிய பேரு ரொம்ப நீளம். இனிஷியலே ரெண்டு.”

“எழுத்து எண்ணிக்கிட்டுக் கெடந்தா தூக்கம் எப்படி வரும்?” என்றார் பின்னால் நின்ற டீச்சர். பிறகு என்னைப் பார்த்து, “போன வாரம் மிஷின்கிட்ட அசந்துட்டாரு சார். மேஸ்திரி எச்சரிச்சு விட்டுருக்காரு. இனி ஒருதடவன்னா வேலை போயிரும். கார்த்திகைக்குள்ள வேற வீடு பாத்துரணும். மார்கழில பால் காய்ச்ச முடியாது” என்றார்.

இதைக் கீழே போய்ச் சொன்னது நான்தான். அண்ணாச்சி சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு ஒரு சிலேட்டு வாங்கிவந்து படிக்கட்டின் அடியில் மாட்டினார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டீச்சர் அதில் அந்த வாரத்து ஷிஃப்டை எழுதவேண்டும். நைட் என்றால், மில்லுக்காரர் எழுந்தபிறகு, நாலு மணிக்கு மேல்தான் பெயர் வெட்டு. மற்ற வாரங்களில் உடனே.

கிராமத்து ஆட்களுக்கு இது பிடிபடவில்லை. “போன வாரம் எங்க சித்தப்பாவுக்கு உடனே வெட்டிக் குடுத்தீரு. எங்களுக்கு மட்டும் என்ன நாலு மணி?” என்று சண்டைக்கு வந்தார்கள்.

கார்த்திகையில் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின வாரம். சிலேட்டில் ‘காலை’ என்று இருந்தது. சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு பெண்வீட்டார் பாத்திரம் எடுக்க வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, அத்தை, கூட இன்னும் இரண்டு பெண்கள். பகல் பதினொன்றரை இருக்கும். நான் கடையில் உட்கார்ந்து, என் செய்தி எத்தனை வரி வந்திருக்கிறது என்று பேப்பரில் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி குடத்தில் மூன்று எழுத்து முடித்து நாலாவதில் இருந்தார்.

முந்தின நாள் மில்லில் ஒருவருக்கு அவசரமாக ஊருக்குப் போகவேண்டியிருந்ததால், அவருக்குப் பதிலாக டீச்சரின் கணவர் நைட் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்தபோது டீச்சர் பள்ளிக்கூடம் போயாகிவிட்டது. தூக்கக் கலக்கத்தில் அவரும் சிலேட்டைக் கவனிக்கவில்லை.

லுங்கியும் பனியனுமாகப் படி இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. அண்ணாச்சியின் முழங்கால்களுக்கு இடையிலிருந்து குடத்தை உருவி, தண்ணீர்க்குடம் தூக்குவதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே போய்விட்டார். கதவுத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

“ஏட்டி, கொடத்தத் தூக்கிட்டுப் போறான் பாருட்டி!” என்றாள் அத்தை, கூட வந்தவளிடம்.

அண்ணாச்சி கையில் சுத்தியல் அப்படியே இருந்தது. “நைட்டு பாத்துட்டு வந்துருக்காரு போல. நாலு மணிக்கு எந்திரிப்பாரு. பொறவு வெட்டிருதேன்” என்றார்.

“ஒரு மணி பஸ்ஸ விட்டா அடுத்தது ஆறு மணிக்குத்தான வே?” என்றார் பெண்ணின் அப்பா.

“அப்ப வேற கொடம் எடுத்து வெட்டும்” என்றாள் அத்தை.

“வெட்டலாம்மா. அதையும் வந்து தூக்கிட்டுப் போவாரு.”

“நல்லாருக்கு! பாதிப் பேரோட பிள்ளைய எப்படி அனுப்ப?”

அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். இவர்கள் எழுந்து ராஜபாளையத்துக்குப் போனால் வியாபாரம் போயிற்று. மேலே போய்க் கதவைத் தட்டினால் குடித்தனம் போயிற்று. அவர் தட்டப் போகவில்லை. சுத்தியலைத் துணிக்கு அடியில் வைத்தார்.

முதலில் சிரித்தது பெண்ணின் அப்பா. “மில்லுக்காரனா? எங்க அக்கா மகனும் ராஜபாளையத்துலதான் நைட்டு பாக்கான். பகல்ல எழுப்பினா பெத்த தாய்னு பாக்காம வைவான். விடுங்க, செத்த நேரம் ஊரச் சுத்திட்டு வருவோம்.”

செத்த நேரம் என்பது நாலு மணி நேரம். சாப்பிட்டார்கள். பெண்கள் மூவரும் நூன் ஷோ பார்த்தார்கள். பெண்ணின் அப்பா தையற்கடைப் பெஞ்சில் அரைமணி தூங்கி எழுந்து, படுத்த கூச்சத்துக்காக ஒரு சட்டை தைக்கக் கொடுத்தார். படம் விட்டு வந்த பெண்கள் வளையல் கடையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நாலே காலுக்கு மில்லுக்காரர் முகம் கழுவித் தலை சீவி, குடத்துடன் இறங்கி வந்தார். அதை அண்ணாச்சி முன்னால் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“நல்லாத் தூங்கினீரா மாப்ள?” என்றாள் அத்தை.

“தூங்கினேன் அத்தை.”

“எங்க கொடத்த என்ன செஞ்சீரு?”

“பக்கத்துலயே வச்சுப் படுத்துக்கிட்டேன். எடுத்துட்டுப் போயி மிச்சத்த வெட்டிருவாகளோன்னு.”

அத்தை சிரித்த சிரிப்பில் மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். மிச்ச எழுத்துகள் விழுந்து முடிய ஐந்தரை ஆயிற்று. அதுவரை மில்லுக்காரர் அங்கேயே நின்று, பெயர் வெட்டிய தட்டுகளை வாங்கி வாங்கிச் சாக்கில் அடுக்கினார். போகிறபோது பெண்கள் பூவும் வாங்கினார்கள். அன்றைக்குப் பூக்காரம்மா கூடையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை அண்ணாச்சி சிலேட்டில் இருந்ததை அழித்துவிட்டு, ‘நாலு மணிக்கு மேல் பெயர் வெட்டப்படும்’ என்று எழுதிக் கடை வாசலுக்கே மாற்றினார். எந்த வாரமானாலும் அதுதான்.

“யாவாரத்த நீங்களே கெடுத்துக்கிடுதீக அண்ணாச்சி” என்றார் தையற்காரர்.

“வாரம் வாரம் மாத்துனா யாருக்கும் புரியல. இது ஒண்ணுன்னா புரிஞ்சுக்கிடுவாக.”

சிலர் கோபித்துக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினார்கள். பெரும்பாலோர் இருந்தார்கள். காலையில் பாத்திரம் எடுத்து வைத்துவிட்டு, ஊரில் மற்ற வேலைகளைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்தார்கள். திரும்பி வந்தவர்கள் பெயர் வெட்டி முடிகிறவரை தெருவில் எங்காவது நின்றாக வேண்டும். காத்திருப்பவர்களுக்காக ஒருவர் எண்ணெய்ச் சட்டி வைத்து வடை போட்டார். தையற்காரர் ஒரு டியூப்லைட் மாட்டினார். டீச்சர் வேறு வீடு தேடுவதை விட்டுவிட்டார். பள்ளியிலிருந்து வந்ததும் வராந்தாவில் நின்று, கீழே நிற்கும் பெண்களிடம் யாருக்குக் கல்யாணம் என்று விசாரிப்பார். மாடியில் இப்படிப் பேச ஆள் நிற்பதைப் பார்த்துத்தான், கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் வேலை பார்த்த இரண்டு வாத்தியார் குடும்பங்கள் மற்ற இரண்டு வீடுகளுக்கும் வந்தன என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது. அவர்களிடம் நான் கேட்கவில்லை.

தை முதல் வாரம் கட்டடக்காரர் ஒரு சாயங்காலம் வந்தார். வாசலில் நின்று மாடியைப் பார்த்தார். நாலு வீட்டிலும் விளக்கு எரிந்தது. “குடோனுக்கு வேற எடம் பாத்துட்டேன்” என்றார். பிறகு, “தண்ணிய மட்டும் பாத்துச் செலவழிக்கச் சொல்லுங்க.”

இரண்டாவது செய்தியை அப்போது எழுதினேன். சிலேட்டு, குடம், நூன் ஷோ எல்லாம் சேர்த்து இரண்டு பக்கம். அச்சில் நாலு வரி வந்தது. புதிய கட்டடத்தால் கடைத்தெரு புத்துயிர் பெற்றதாக வணிகர்கள் மகிழ்ச்சி. கட்டடக்காரர் அதை வெட்டிச் சட்டம் போட்டுப் படிக்கட்டில் மாட்டினார். ஏறும்போதும் இறங்கும்போதும் நான் அதைப் பார்க்கவேண்டியிருந்தது.

சில வருஷங்களில் மதுரைக்கு மாற்றலாகிப் போனேன். தொண்ணூறுகளின் கடைசியில், தங்கை வீட்டுப் பால் காய்ச்சுக்காக ஒரு குடம் வாங்க மனைவியுடன் அங்கே போனேன். மில்லுக்காரர் கிருஷ்ணன்கோவில் போகிற வழியில் சொந்த வீடு கட்டிப் போய்விட்டார் என்றார்கள். அவர்கள் இருந்த வீட்டில் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. அண்ணாச்சியின் தலை நரைத்திருந்தது. உளியின் இடத்தில் பெயர் வெட்டும் மின்சார மிஷின் ஒன்று இருந்தது. குடத்தைத் தேர்ந்தெடுத்துப் பெயரைச் சொன்னோம்.

“நாலு மணிக்கு மேல வாங்க” என்றார்.

மணி ஒன்றுதான் ஆகியிருந்தது. “இப்ப மேல யாரு அண்ணாச்சி தூங்குதா?”

“யாரு தூங்குதா? வகுப்புதான் நடக்கு. இப்பவே வெட்டிக் குடுத்து உங்கள அனுப்பிட்டா, இந்தத் தெருவுல அம்புட்டுப் பேரும் என்னைய வைவாக.”

சாப்பிட்டுவிட்டுத் திரும்பித் தெருவில் நடந்தோம். மனைவி வளையல் கடையில் உட்கார்ந்தாள். நான் வடை தின்றேன். பூக்கூடையில் இப்போது பழைய அம்மாளின் மகள். நாலு மணிக்குக் கடைக்குப் போனபோது, எங்களுக்கு முன்னால் இரண்டு குடும்பங்கள் காத்திருந்தன.

எங்கள் முறை வந்தது. அண்ணாச்சி குடத்தை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கினார். மிஷினின் சுவிட்சைப் போடும் முன் ஒருமுறை தலையை உயர்த்தி மேல்தளத்தைப் பார்த்தார்.