அம்மன் இறங்கும் இடம்

எங்கள் வீட்டுக்கு எதிரில், அம்மன் கோயிலை ஒட்டி ஒரு காலி இடம். மின்சார வண்டிகளுக்குச் சார்ஜ் போடும் நிலையத்தை அங்கே வைக்கலாம் என்று கிராம சபைக் கூட்டத்தில் ஊராட்சித் தலைவர் சொன்னார். நான் எழுந்தேன். "ஆடித் திருவிழாவுல அம்மன் எறங்குற எடமாச்சே, அங்க கரண்ட் பொட்டி வெக்கிறதா?" என்றேன். கை தட்டினார்கள்.

மின்சார ஆட்டோ ஓட்டும் பெண் ஒருத்தி மட்டும் எதிர்த்துப் பேசினாள். அவள் குடியிருக்கும் வாடகை வீட்டில் சார்ஜ் போட விடுவதில்லை. "அண்ணே, அம்மன் ஒரு நாள்தான் எறங்குறா. மீதி நாளெல்லாம் உங்க வூட்டு மாடுதான் அங்க படுத்துகினு கீது," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "சாமி விஷயத்துல கிண்டல் வேணாம்மா," என்று அதட்டினேன். உட்கார்ந்துவிட்டாள்.

நிலையம் ஊரை விட்டுத் தள்ளி, படப்பை ஊர்ப் பக்கம் போய்விட்டது. அவள் அங்கே காத்திருந்து சார்ஜ் போட்டுத் திரும்புவதற்குள், காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் வேறு வண்டியில் ஏறிவிடுவார்கள். சில மாதம் பார்த்தாள். ஆட்டோவை விற்றுவிட்டு, இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள்.

அவள் சொன்னதுதான் உண்மை. மாட்டைக் கட்ட எனக்கு வேறு இடம் இல்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு அம்மன் பேரை இழுத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் பெண் எதிரே வந்தால் மட்டும் வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன்.