நான் சுடாத மரை

ஒஸ்லோவில் பஸ் திருத்துகிற கராஜ் ஒன்றில் எனக்கு இருபது வருடத்துக்கு மேலான வேலை. அங்கே மத்தியானச் சாப்பாட்டு மேசையில்தான் அந்தப் பொய்யைச் சொல்லத் தொடங்கினேன். எதிரே இருந்து பாணும் பழுப்புச் சீஸும் சாப்பிடுகிற நோர்வேக்காரர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒவ்வொரு இலையுதிர்காலமும் ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போவார். ஒருநாள் அவர், "உங்களுடைய நாட்டிலும் வேட்டை இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சோற்றுப் பெட்டியைத் திறந்திருக்கலாம்.

"நானும் அப்பாவும் போவோம்," என்றேன். "வன்னிக் காட்டில். குழல் வாயால் மருந்து போட்டு, கம்பியால் இடித்துச் சுடுகிற துவக்கு. இடியன் என்று சொல்லுவோம்."

அவர் பாணை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வின்டர் டயர் மாற்றுவதில் கெட்டிக்காரன் என்பதற்கு மேலாக என்னிடம் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குப் பட்டது. அந்தப் பார்வை எனக்குப் பிடித்துப்போயிற்று.

என் அப்பா யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோர் கிளாக்கர். முட்டைகூட அவிக்காத சைவ வீடு எங்களுடையது. இடியன் துவக்கு வைத்திருந்தவர் அத்தான். அக்கா வன்னியில் படிப்பிக்கப் போன இடத்தில் விரும்பிக் கலியாணம் செய்த கமக்காரர். அப்பா அந்தக் கலியாணத்துக்குப் போகவில்லை. பிறகு ஒரே ஒரு தரம் அக்காவைப் பார்க்கப் போனவர், மரை என்கிற பெரிய காட்டு மானின் இறைச்சி காய்ச்சின வீடு என்று தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பி வந்தார். நானும் அப்படித்தான் இருந்தேன். அத்தான் ஒருமுறை நெல்லு மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, படலையில் நின்ற என் சிநேகிதர்கள் யார் என்று கேட்டார்கள். வயலில் வேலை செய்கிற ஆள் என்றேன். அத்தான் சைக்கிளிலிருந்து மூட்டையை இறக்கிக்கொண்டு நின்றார். அவருக்குக் கேட்டிருக்கும்.

போர் முடிந்து சில வருடங்களில் அவரும் அக்காவும் பிள்ளைகளோடு நோர்வேக்கு வந்து சேர்ந்தார்கள். இப்போது ஸ்ட்ரோம்மனில் ஒரு கடைத்தொகுதியில் துப்புரவு வேலை. பிறந்தநாள், சாமத்தியவீடு என்று கூடும் இடங்களில் யாராவது கேட்டால் வேட்டைக் கதை சொல்லுவார். கேட்டிருந்துவிட்டு, திங்கட்கிழமை கராஜில் அதே கதையை நான் சொல்லுவேன். அத்தான் குளக்கட்டில் விடியும்வரை காத்திருந்தார். என் கதையில் காத்திருந்தவன் நான். அவருடைய பெரிய மரை காயத்தோடு காட்டுக்குள் ஓடியது. இரண்டு நாள் இரத்தத் தடம் பிடித்துப் போயும் அவருக்கு அது அகப்படவில்லை. என் மரை ஒரே வெடியில் விழுந்தது.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. போன வசந்தத்தில் அந்த நோர்வேக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடுத்த வருடம் எனக்குப் பென்சன். அதற்குமுன் பழைய முறையில் ஒரு மான் சுடவேண்டும். உன்னுடைய துவக்கு மாதிரி ஒன்றால். ஒரு அம்மா, இறந்துபோன கணவருடைய துவக்குகளை விற்கிறார். வந்து எனக்கு ஒன்றைத் தெரிவு செய்து தா."

எனக்கு அதெல்லாம் மறந்துபோயிற்று என்றேன்.

"இதெல்லாம் மறக்குமா?" என்று தோளில் தட்டினார்.

அன்று பின்னேரம் அத்தானுக்குப் போன் எடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒருவர் துவக்கு வாங்கப் போகிறார், துணைக்கு வாருங்கள் என்றேன்.

"நான் வந்து என்னத்தைச் செய்யிறது? எனக்கு உவையின்ரை பாஷை வடிவாத் தெரியாதே," என்றார்.

"நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை அத்தான். எது நல்லதெண்டு எனக்கு மெல்லமாச் சொன்னால் போதும்."

சனிக்கிழமை, கலியாணவீட்டுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். நோர்வேக்காரரிடம் "சொந்தக்காரர்" என்று மட்டும் சொன்னேன். என்ன சொந்தம் என்று சொல்லவில்லை. ஒரு மணித்தியாலம் வடக்கே கார் ஓடியது. அத்தான் பின்சீற்றில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, இலை வராத பேர்ச் மரங்களைப் பார்த்தபடி வந்தார்.

அந்த அம்மா கோப்பி ஊற்றி வைத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் கம்பளி விரித்து மூன்று துவக்குகள். ஒன்று சிக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்புகிறது, பிடியில் வெள்ளி வேலைப்பாடு. மற்ற இரண்டும் பொறிக்குக் கல்லுக்குப் பதிலாகச் சின்னச் செப்புத் தொப்பி வைத்துச் சுடுகிறவை. அவற்றில் ஒன்று நீளமானது, பார்க்க எடுப்பானது. மற்றது கட்டை, ஒரு அலங்காரமும் இல்லாதது.

அத்தான் எனக்குப் பின்னால் நின்று தமிழில் மெல்லச் சொன்னார். "அந்தக் கல்லுத் துவக்கு வேண்டாம். மழைக்கும் ஈரத்துக்கும் பத்தாது. கட்டையன்ரை குழலுக்குள்ளை கோடு முறுக்கிக்கொண்டு ஓடுது, பார். குண்டு சுழண்டு நேராப் போகும். நெடியனுக்குள்ளை கோடில்லை, வழுவழுப்பு. கிட்ட நிண்டாத்தான் சரி."

நான் அதை நோர்வே மொழியில் சொன்னேன். "எங்கள் அனுபவத்தில்" என்று தொடங்கிச் சொன்னேன். நோர்வேக்காரர் தலையாட்டினார்.

"மானுக்கு என்றால் குண்டு இவ்வளவு பலத்தோடு படவேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. இந்தக் கட்டை அதற்குக் காணுமா?"

அத்தானைத் திரும்பிப் பார்க்க வெட்கமாக இருந்தது. காணும் என்று என் பாட்டில் சொன்னேன். சொல்லிவிட்டு, பேச்சை மாற்றுவதற்காக அந்த நீளமானதைத் தூக்கினேன். நான் நினைத்ததைவிடப் பாரம். தோளில் வைத்து, படங்களில் பார்த்த மாதிரி, விசைக்கு மேலே இருக்கிற குதிரையைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்தேன். அது கிளிக் என்று நின்றது. குழல் வாய் எங்கே பார்க்கிறது என்று நான் கவனிக்கவில்லை. அது நோர்வேக்காரரின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"விசையிலை கை வையாதை!"

அத்தான் அப்படிச் சத்தம்போட்டு நான் கேட்டதில்லை. பாய்ந்து குழலைப் பிடித்து முகட்டைப் பார்க்கத் திருப்பி, என் கையிலிருந்து பறித்தார். பெருவிரலைக் கொடுத்துக் குதிரையை மெதுவாக இறக்கினார். பிறகு இடிகம்பியை உருவிக் குழலுக்குள் விட்டு, அது நின்ற இடத்தில் நகத்தால் அடையாளம் பிடித்து, வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்து வெளிப்பக்கமாக வைத்துக் காட்டினார். அடிவரைக்கும் போகவில்லை. நாலு விரல் மிச்சம்.

"தம்பி, உள்ளை மருந்தும் குண்டும் கிடக்கு."

நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. நோர்வேக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு வருடமும் இது சுவரில்தானே தொங்கியது," என்றார். தொப்பி வைக்காதபடியால் அநேகமாக வெடித்திருக்காது என்று பிறகு அறிந்தேன். அந்த நேரம் அது எனக்குத் தெரியாது.

"நீ பார்க்கவில்லையா?" என்று நோர்வேக்காரர் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "முதலில் பார்க்கிறது அதைத்தானே. அப்பாவோடு அத்தனை மரை சுட்டவன் நீ."

அத்தானுக்கு அந்தளவு நோர்வே மொழி விளங்கும் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்தார், நோர்வேக்காரரைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த சொற்களைப் பொறுக்கி எடுத்துச் சொன்னார்.

"அங்கே மருந்து போடுவது எப்போதும் நான். இவர் சுடுவது மட்டும். அதனால் இவருக்குத் தெரியாது."

நோர்வேக்காரர் "அப்படியா," என்றார். அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கட்டைத் துவக்கைத் தூக்கி நேரே அத்தானின் கையில் கொடுத்தார். அத்தான் முதலில் கம்பி விட்டு அது வெறுமை என்று காட்டினார். குதிரையைப் பாதிக்கு இழுத்து விட்டு, விசையை அமத்தி, அது விழாமல் நிற்கிறதா என்று பார்த்தார். கம்பி நுனியில் துணி சுற்றி உள்ளே விட்டு எடுத்து, துணியில் துரு இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். சட்டத்துக்கு இந்தப் பலம் காணுமா என்று நோர்வேக்காரர் திரும்பவும் கேட்டதற்கு, "தெரியாது. சுட்டுப் பார்க்கவேண்டும். கேட்கவேண்டும்," என்றார். அந்தத் தெரியாது என்ற சொல்லை நான் ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நோர்வேக்காரர் கட்டையனையே பேசி முடித்தார். பொலிஸ் அனுமதி வந்த பிறகு எடுப்பதாக ஏற்பாடு. திரும்பும்போது எங்களை ஸ்டேசனில் இறக்கி, அத்தானின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். எனக்குத் தலையை மட்டும் அசைத்தார்.

ரெயினில் அத்தான் சிரித்தார்.

"தேத்தண்ணிகூடக் குடிக்காத கொப்பர் மரை சுட்டவராமே."

"அத்தான், நான்..."

"விடு. கதை எண்டால் ஆரும் சொல்லலாம்." பிறகு, "அந்தக் காயப்பட்ட மரையின்ரை கதையும் சொன்னனியோ?" என்றார்.

"ஓம்."

"என்னெண்டு?"

"ஒரே வெடியிலை விழுந்ததெண்டு."

அவருடைய சிரிப்பு போய்விட்டது. "அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார். "அது பாவம். எங்கை கிடந்து செத்துதோ தெரியாது." தன் கதையை எடுத்ததற்கு அவர் கோபிக்கவில்லை. அந்த மிருகத்தின் நோவை நான் இல்லாமல் செய்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

படலையில் வைத்து அவரை வயல்வேலை ஆள் என்று சொன்னதற்கும் அந்த ரெயினில் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றிருந்தது. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிப் பழக்கமில்லை. ஸ்ட்ரோம்மன் வந்தது, கோட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை, மேசையில் எங்களோடு சாப்பிடுகிற எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன். அந்தச் சனிக்கிழமைக்குமுன் நான் ஒருநாளும் துவக்குத் தொட்டதில்லை. கதைகள் எல்லாம் என் அக்காவின் கணவருடையவை. அந்த மரை விழவும் இல்லை. இளம் மெக்கானிக் ஒருவன் சிரித்தான். நோர்வேக்காரர் சிரிக்கவில்லை.

"அவர் உன்னைக் காப்பாற்றப் பொய் சொன்னபோதே எனக்குத் தெரியும்," என்றார். "நீயாகச் சொல்லுவாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய போன் நம்பரைத் தா."

கொடுத்தேன். இப்போது அவர்கள் இரண்டுபேரும் மாதத்தில் இரண்டு தரம் சூட்டுத் திடலுக்குப் போகிறார்கள். அத்தான் வேட்டைக்காரர் பரீட்சை எழுத வேண்டும் என்று புத்தகம் வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹொல்ம்லியாவில் என் வீட்டுக்கு வருவார். பக்கம் பக்கமாக நான் வாசித்துத் தமிழில் சொல்ல, கொப்பியில் எழுதுவார். போன கிழமை, காயப்பட்ட மிருகத்தைத் தேடவேண்டிய கடமை பற்றிய பகுதி. அதை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தேன். அந்த நேரத்திலாவது படலையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "தேத்தண்ணி போடட்டோ அத்தான்?" என்றுதான் கேட்டேன்.

"போடு," என்றார், கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.