நீலம் பாய்ந்த வெல்டிங்

என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய்களை எல்லாம் கன்னடத்தில்தான் சொன்னேன். வீட்டில் தமிழ்தான். நாகரசம்பட்டிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. கன்னடம் பெங்களூரில் வேலை பார்த்த எட்டு வருடத்தில் ஒட்டிக்கொண்டது. அதை வைத்து வியாபாரம் செய்யலாம் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் வாய் நீண்டுவிட்டது.

ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தேன். ரசாயனக் கம்பெனிகளுக்கு டைட்டானியக் குழாய்களை வெல்டிங் செய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. நான், லேத்தில் ஒருவர், வெல்டிங்குக்கு ஒருவர். அந்த வெல்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை சார் என்பார். எங்களிடம் வருவதற்கு முன்னால் ஒரு பாய்லர் கம்பெனியில் இருந்தவர். அங்கே ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு எண் உண்டு. வெல்டிங்கை முடித்ததும் பக்கத்திலேயே அந்த எண்ணை உளியால் அடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். நாளைக்கு ஒழுகினால் யார் செய்தது என்று தெரிய வேண்டும் இல்லையா, அதற்காக. அவருடைய எண் இருபத்தேழு. பெயரைச் சொல்வதைவிடக் கொஞ்சம் அழுத்தமாகவே அந்த எண்ணைச் சொல்வார்.

இரண்டாயிரங்களின் கடைசியில் பெங்களூரிலிருந்து ஒருவர் காரில் வந்து இறங்கினார். சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவி. மலைப் பாதையில் சைக்கிள் ஓட்டுவதில் அவருக்குப் பைத்தியம். வழக்கமான இருபத்தாறு அங்குலச் சக்கரம் இல்லாமல் இருபத்தொன்பது அங்குலப் பெரிய சக்கரம் போட்ட டைட்டானியம் சைக்கிள் வெளிநாட்டில் வந்துவிட்டது, அவர் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்து தர முடியுமா என்று கேட்டார். பிரேமை மட்டும் நாங்கள் செய்தால் போதும், மற்ற சாமான்களை அவரே வரவழைத்துக்கொள்வார்.

அண்ணாவும் நானும் ஒரு வாரம் தரையில் சாக்பீஸால் படம் போட்டுப் பார்த்தோம். சக்கரம் பெரிதானால் பின்பக்கக் குழாய்களை வளைத்து இடம் விட வேண்டும். அதற்காக வளைத்தால் பெடல் அச்சு வரும் இடத்தில் நெருக்கடி. அவர் சலிக்காமல் அறுத்து அறுத்துப் பொருத்தினார். கணக்குப் போட்டு, லாபமும் சேர்த்து, ஐம்பத்தைந்தாயிரம் என்று விலை சொன்னேன். அந்த மனிதர் முகம் சுருங்கிவிட்டது.

"இஷ்டு கம்மியா? ஒரிஜினல் டைட்டானியம்தானா சார்?"

இவ்வளவு குறைவா என்று கேட்கிறார். விலை குறைவென்று வருத்தப்படும் மனிதரை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். வீட்டுக்குப் போய் வெளிநாட்டுப் பிரேம்களின் விலையை இணையத்தில் தேடினேன். தலை சுற்றியது. அதில் மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, மறுநாள் போன் செய்து, முந்தின நாள் சொன்னது சாதாரணக் குழாய்க்கு, அவருக்கு வேண்டியதற்கு ஒன்றரை லட்சம் ஆகும் என்றேன். உடனே சரி என்றார். அத்தோடு விட்டேனா. வெல்டிங் செய்பவர் வெளிநாட்டில் பயிற்சி எடுத்தவர், சனி ஞாயிறில் மட்டும் பெங்களூரிலிருந்து வருவார் என்றும் சேர்த்துவிட்டேன். யாரும் கேட்காமலே சொன்ன பொய் அது. இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அதே கதைதான். அவர்கள் பட்டறைக்கு வரும்போது அண்ணா லுங்கியும் பழைய சட்டையுமாக அங்கேயே இருப்பார். அவரை வைத்துக்கொண்டே, அவர் செய்த வேலையை இல்லாத ஒருவர் செய்ததாகக் கன்னடத்தில் புகழ்ந்துகொண்டிருப்பேன். அவருக்குக் கன்னடம் தெரியாது என்பது என் தைரியம். ஆறு வருடமாக ஓசூரில் குடியிருப்பவருக்கு, மளிகைக் கடையிலும் பஸ்ஸிலும் நாள் முழுவதும் கன்னடமும் தெலுங்கும் கேட்பவருக்கு, ஒரு சொல்கூடத் தெரியாது என்று நான் எப்படி நம்பினேன்? எனக்கு அது வசதியாக இருந்தது, நம்பினேன்.

மூன்றாவது பிரேம் முடிந்த அன்று அவர் கொஞ்சம் தயங்கித் தயங்கி வந்தார்.

"சார், பெடல் அச்சுக்குக் கீழ ஒரு ஓரமா என் நம்பர அடிச்சுக்கிடட்டுமா? தலகீழாப் பிடிச்சாத்தான் தெரியும்."

"பாய்லரா இது, நம்பர் அடிக்க? லட்ச ரூவா குடுத்து வாங்கறவரு என்னா நெனப்பாரு? வேணாங்ணா."

"சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏழாவது பிரேம் முதலில் வந்த அதே மனிதருக்கு. இன்னும் கரடுமுரடான பாதைக்கு இன்னொரு சைக்கிள் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை மதியம் பெடல் அச்சு உட்காரும் கூடும் நடுக் குழாயும் சேரும் இடம் மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஆர்கான் சிலிண்டர் தீரும் நிலைக்கு வந்துவிட்டது. புதியது திங்கட்கிழமைதான் வரும்.

இதை மட்டும் விளக்கிவிடுகிறேன். டைட்டானியம் சூடாக இருக்கும்போது அதன்மேல் காற்று படவே கூடாது. அதனால் வெளியே ஒரு பக்கமும் குழாயின் உள்ளே ஒரு பக்கமும் ஆர்கான் வாயுவை ஓடவிட்டுக்கொண்டே வெல்டிங் செய்ய வேண்டும். சரியாக வந்தால் வெல்டிங் வெள்ளியாக மின்னும். வைக்கோல் நிறம் என்றாலும் பரவாயில்லை. நீலம் வந்துவிட்டால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த இடம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், என்றாவது ஒரு நாள் விரிசல் விடும்.

"உள்ள குடுக்க கேஸ் காணாது சார். திங்கக்கெழம பாத்துக்கிடலாம்" என்றார் அண்ணா.

"நாலு அங்குலந்தானேங்ணா. காலைல அவரு வந்து நிப்பாரு. நான் கேஸ பாத்துக்கறேன், நீங்க முடிங்க."

வாயு கடைசிவரை வர வேண்டுமே என்று உள்ளே போகும் குழாயின் குமிழை நானே பாதிக்குத் திருகினேன். இந்தக் கையால்தான். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு முகமூடியை இறக்கிக்கொண்டார். முடித்து நிமிர்ந்தபோது வளையம் முழுக்க மயில் கழுத்து மாதிரி நீலம்.

"அறுத்துப் போட்டுட்டு மறுபடி செய்யணும் சார்."

அறுத்தால் இரண்டு குழாய்கள் வீண். புதுக் குழாய் வர ஒரு மாதம் ஆகும். கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டால் நீலம் தெரியாதே என்றேன். அவர் பிரஷ்ஷை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "நான் தேய்க்க மாட்டேன் சார்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. முதலாளி நானா இவரா என்று மனதுக்குள் கறுவினேன். ஆனால் தேய்க்கவும் இல்லை. பிரஷ்ஷை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டுவிடலாம் என்ற எண்ணமும் கொஞ்சம் இருந்தது என்று சொல்லிக்கொள்வேன். அது உண்மையா என்று எனக்கே நிச்சயமில்லை.

ஞாயிறு காலையில் அந்த மனிதர் பிரேமைக் கையில் தூக்கித் திருப்பிப் பார்த்தார். நீல வளையத்தில் கட்டைவிரல் நின்றது.

"தும்பா சென்னாகிதே சார், ஈ பண்ணா" என்றார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம், இந்த நிறம்.

தள்ளிப்போட அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் சொன்னதோ வேறு. அது விசேஷ வெப்ப நிறம், நம் வெல்டர் முக்கியமான வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே போடுவது என்றேன், கன்னடத்தில். அதற்காக எட்டாயிரம் கூடுதலாகவும் வாங்கினேன். அண்ணா அன்று கிளம்பும் முன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். சோப்பு போட்டு, நிதானமாக, வெகுநேரம் கழுவினார்.

நான்கு மாதம் கழித்து அதே கார் வந்தது. இறங்கியவரின் வலது கை மணிக்கட்டில் மாவுக்கட்டு. அஞ்செட்டி மலைப் பக்கம் இறக்கத்தில் வரும்போது பிரேம் விட்டுவிட்டது. டிக்கியிலிருந்து எடுத்துக் காட்டினார். அந்த நீல வளையத்தின் ஓரமாகவே பாதிச் சுற்றுக்கு விரிசல். ஒரு சத்தம் போடவில்லை அவர். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

"யாரு சார் வெல்ட் மாடித்து?" என்று மட்டும் கேட்டார். வெல்டிங் செய்தது யார் என்று.

நான் தரையைப் பார்த்தேன். வெளிநாட்டில் பயிற்சி எடுத்த, இல்லாத அந்த ஆளை எங்கிருந்து கொண்டுவருவேன்? பின்னாலிருந்து அண்ணாவின் குரல் கேட்டது.

"நானே சார். தப்பு நந்து. கேஸ் முகிதித்து, நோட்லில்ல."

நான்தான் செய்தேன், தப்பு என்னுடையது, வாயு தீர்ந்ததைக் கவனிக்கவில்லை. சுத்தமான கன்னடம். அதில் கொஞ்சம் திருநெல்வேலி இழுவை இருந்தது, அவ்வளவுதான். பழியை அவர் ஏற்றதைவிட, இத்தனை நாளும் நான் சொன்னது எல்லாம் அவருக்குப் புரிந்திருக்கிறது என்பதுதான் முதலில் உறைத்தது. என் வெட்கத்தின் லட்சணம் அப்படி.

அந்த மனிதர் அவரை மேலும் கீழும் பார்த்தார். லுங்கி, பழைய சட்டை. பிறகு என்னிடம் திரும்பி, நல்ல வெல்டராக வைத்துக்கொள்ளுங்கள் சார் என்றார். நான், "ஆயித்து சார்" என்றேன். ஆகட்டும் என்றேன். குமிழைத் திருகிய கை என் சட்டைப் பையில் இருந்தது.

பணம் வாங்காமல் புதுப் பிரேம் செய்து தருவதாக ஏற்பாடு. அந்த வாரம் நாங்கள் முன்பு செய்து கொடுத்த வேறொருவரின் பிரேம் சுத்தம் செய்ய வந்திருந்தது. பெடல் அச்சைக் கழற்றி, கூட்டுக்குள் டார்ச் அடித்துத் துடைத்தபோது உள்சுவரில் ஏதோ கீறல் தெரிந்தது. இரண்டு, ஏழு. உலோகத்தில் கீறும் பேனாவால் பொறித்திருந்தார். பட்டறையில் வெல்டிங் முடிந்து நின்றிருந்த வேறு இரண்டு பிரேம்களிலும் பார்த்தேன். இரண்டிலும் இருபத்தேழு. உடைந்த பிரேமை எடுத்து வந்து, கூட்டை நெடுக அறுத்து வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வழவழவென்று வெறுமையாக இருந்தது.

அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இதுல மட்டும் ஏங்ணா நம்பர் இல்ல?"

அரத்தை நிறுத்தாமலே சொன்னார். "அது நான் செஞ்சது இல்லையே சார். நீங்க செஞ்சது."

"அப்பறம் ஏன் அவருகிட்ட உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"நீங்க தல குனிஞ்சு நின்னீங்க. பாக்கதுக்கு ஒரு மாதிரியா இருந்தது. வாயால சொல்லிரலாம் சார். அதுல எப்படி எழுத?"

அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் அவரிடம், புதுப் பிரேமில் வெளியிலேயே, எல்லோரும் பார்க்கிற மாதிரி எண்ணை அடிக்கச் சொன்னேன். வாடிக்கையாளர் வந்ததும் உண்மை முழுவதையும் நானே சொல்லிவிடுவதாகவும் சொன்னேன். அவர் புது உளி வாங்கி வந்தார். ஒரு பழைய தகட்டில் நாலைந்து முறை அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு பிரேமில் அடித்தார். எழுத்து அவ்வளவு நேர்த்தியாக வந்திருந்தது.

அந்த மனிதர் வந்தார். மாவுக்கட்டு பிரித்திருந்தார். வெல்டிங் எல்லாம் வெள்ளியாக மின்னியது. தலைகீழாகப் பிடித்தவர் எண்ணைப் பார்த்து இது என்ன என்றார். வெல்டரின் எண் என்றேன். எப்படிச் சொல்வது என்று ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த கன்னட வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் அவர் சந்தோஷமாக, "ஓ, ஹொச வெல்டரா?" என்று கேட்டார். புது வெல்டரா?

அண்ணா நான்கடி தள்ளிக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். நான் சொன்னேன், "ஹௌது சார்." ஆமாம் சார்.

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் முடிகிறதே என்ற சோம்பல்தான் காரணம் என்று சில நாள் தோன்றும். சில நாள் அதுகூட நான் எனக்கு ஆதரவாகச் சொல்லிக்கொள்வது என்று தோன்றும்.

அடுத்த மாதம் அண்ணா மறுபடி ஒரு பாய்லர் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். கடைசி நாள் தன் முகமூடியையும் உளியையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஆறு வருடமாக என்னிடம் தமிழில் மட்டுமே பேசியவர், அன்றைக்கு, கோபமே இல்லாத குரலில், "பர்த்தீனி சார்" என்று கன்னடத்தில் விடைபெற்றுப் போனார்.