கம்பம் மெட்டு மலைப்பாதையில் நாற்பது நிமிட டீ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவில் படம் ஒன்றுகூட இல்லை. அதற்கான காரணம் நடுவில் வரும்.

செப்டம்பர் மாதம் சனி, ஞாயிறோடு வெள்ளியும் திங்களும் விடுப்புப் போட்டதில் நான்கு நாள் கிடைத்தது. நான் திருவாரூர்க்காரி, அரசு அலுவலகத்தில் எழுத்தர். நாள் முழுக்கக் கோப்புகளுக்கு நடுவே இருப்பவளுக்கு மலை பார்க்க வேண்டும் என்று ஆசை வருவதில் என்ன தப்பு? கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்குள் நடக்க வேண்டும், சுருளி அருவியில் தலை நனைக்க வேண்டும், ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் கம்பம் மெட்டு ஏற வேண்டும். இந்த மூன்றுக்காகத்தான் கிளம்பினேன்.

வெள்ளி காலை மதுரை ஆரப்பாளையத்தில் ஏழே காலுக்குப் பேருந்து. ஆண்டிபட்டி கணவாய் தாண்டும் வரை காய்ந்த நிலம்தான். தேனிக்கு எழுபத்தேழு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கிருந்து கம்பம் நாற்பது கிலோமீட்டர். சின்னமனூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் பச்சை வந்து கண்ணை நிரப்பிவிடுகிறது. சனி, ஞாயிறு இரண்டும் பந்தலிலும் அருவியிலும் போயின. திராட்சைக் கொடிப் பந்தலுக்குள் ஐந்தடி மூன்று அங்குலத்துக்கு மேல் உள்ளவர்கள் குனிந்துதான் நடக்க வேண்டும். நான் நிமிர்ந்தே நடந்தேன். வாழ்க்கையில் குள்ளமாக இருந்ததற்குக் கிடைத்த ஒரே பலன்.

திங்கள் காலை மலை ஏறுவது என்று முடிவு. கூலி ஜீப்புகள் ஆறு மணிக்கே போய்விடும். எட்டு மணிக்கு மேல் ஆள் சேர்ந்தால் கிளம்பும் ஜீப்புகள் உண்டு. தலைக்கு அறுபது ரூபாய், பதின்மூன்று கிலோமீட்டர். எட்டு பத்துக்குக் கிளம்பினோம். என் எதிர் இருக்கையில் ஒரு பெண்பிள்ளை, பக்கத்தில் அவள் அம்மா, அதற்கடுத்து தாய்மாமன். பிள்ளை புதுச் சுடிதார் போட்டிருந்தாள். தலை நிறைய மல்லிகை, கையில் ஈரம் காயாத மருதாணி. பதினான்கு வயது இருக்கும். நான் வழக்கம்போல வாயை மூடாமல், "சிரிம்மா, மலை பின்னாடி வருது" என்று அவளையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஓட்டுநருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கண்ணாடியில் பார்த்தபடி, "பாப்பா, எத்தனாவது படிக்கிற?" என்றார்.

மாமன் முந்திக்கொண்டார். "படிப்பெல்லாம் முடிஞ்சுபோச்சு. சொந்தக்காரவுக விசேசத்துக்குப் போறோம்."

"எந்த ஸ்கூலு பாப்பா?"

"அதான் முடிஞ்சுபோச்சுன்னு சொல்றேன்ல" என்றார் மாமன் மறுபடியும்.

ஓட்டுநர் அதற்குமேல் கேட்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்தன. கீழே வயல்கள் கட்டம் கட்டமாக விரிந்தன. நான் மலையைப் பார்க்கிற மும்முரத்தில் இருந்தேன். எட்டு முப்பத்தைந்துக்கு ஒரு வளைவில் ஜீப்பை ஓரம் கட்டினார். அங்கே ஒருவர் டூவீலரில் கேன் கட்டி டீ விற்றுக்கொண்டிருந்தார்.

"எஞ்சின் சூடாயிருச்சு. பத்து நிமிசம் இங்கன நிப்பாட்டிக்கிருவோம். எல்லாரும் டீ குடிங்க" என்றவர், போனை எடுத்துக்கொண்டு வளைவின் விளிம்புக்குப் போனார்.

இனிமேல் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. என் அப்பா லாரிப் பட்டறை வைத்திருந்தவர். எஞ்சின் சூடானால் என்ன வாசனை வரும் என்று எனக்குத் தெரியும். இறங்கிப் போய் பானட்டில் கையை வைத்தேன். வீட்டில் தோசைக்கல் சூடா என்று பார்ப்பேனே, அந்த மிடுக்கோடு திரும்பி, ஊருக்கே கேட்கும்படி சொன்னேன்: "ஒரு சூடும் இல்லையே. ஆவி வரல, தண்ணி சிந்தல. எதுக்கு நிறுத்தியிருக்கீங்க?"

மாமன் உடனே எழுந்துவிட்டார். "அந்தம்மாதான் சொல்றாகள்ல. எடுப்பா வண்டிய!"

ஓட்டுநர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. கோபம் இல்லை. தயவுசெய்து சும்மா இரு என்று கெஞ்சுகிற பார்வை. எனக்கு அப்போது அது புரியவில்லை, ஏமாற்றுக்காரன் மாட்டிக்கொண்டான் என்றே நினைத்தேன். அவர் பானட்டைத் திறந்து, எதையோ கழற்றி, எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமனுக்குப் பொறுமை போனது. மேலே ஏறிவந்த ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தப் பார்த்தார். அந்த ஓட்டுநர் இடமில்லை என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்ததும் அப்படியே. மூன்றாவது ஜீப்பில் பின்னால் இரண்டே பேர்தான் இருந்தார்கள். அதுவும் நிற்கவில்லை. "காலி வண்டியே நிக்க மாட்டேங்குது, என்ன ஊருப்பா இது!" என்று நானும் மாமனோடு சேர்ந்து கத்தினேன். அந்தப் பிள்ளை மட்டும் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி கீழே போகும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதே காலுக்குக் கீழிருந்து ஒரு காவல்துறை ஜீப் வந்தது. இரண்டு பெண்களும் ஒரு காவலரும் கிராம நிர்வாக அலுவலரும் இறங்கினார்கள். கதர்ச் சேலை கட்டியிருந்தவர் பிள்ளையின் வகுப்பு ஆசிரியை. இன்னொருவர் குழந்தைகள் உதவி மையத்துக்காரர், கழுத்தில் அடையாள அட்டை. அந்த ஆசிரியையைப் பார்த்ததும் பிள்ளையின் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. மல்லிகையும் மருதாணியும் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

யாரும் குரலை உயர்த்தவில்லை. காவலர் மாமனைத் தனியே நடத்திக்கொண்டு போனார். கிராம நிர்வாக அலுவலர் பள்ளிச் சான்றில் இருந்த பிறந்த தேதியைப் போனில் மாமனிடம் காட்டினார். உதவி மையத்துப் பெண் பிள்ளையைப் பாறைத் திட்டில் உட்காரவைத்து, தானும் தரையில் உட்கார்ந்து, மெதுவாகப் பேசினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அவுக அப்பா போனதுல இருந்து நான் ஒத்தையில கெடந்து அல்லாடுறேன். நல்ல எடம்னு அண்ணன் சொன்னாக. நாளைக்குக் கல்யாணம்" என்றாள்.

"ஒங்கள யாரும் விட்டுட்டுப் போகலத்தா. ஒங்களுக்கும் சேத்துத்தான் வந்திருக்கோம்" என்று ஆசிரியை அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு பிள்ளை அவரிடம் கேட்டாள். அந்தக் காலை முழுவதிலும் நான் கேட்ட அவள் முதல் குரல் அது. "டீச்சர், இன்னைக்குக் கணக்குப் பரிச்சை. என் பேர அடிச்சுட்டீகளா?"

"அடிக்கலடி. இன்னைக்கு எழுதாட்டி இன்னொரு நாள் எழுதுவ. ஒன் எடம் காலியாத்தான் கெடக்கு."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

அவர்கள் இறங்கிப் போவதற்கு முன் உதவி மையத்துப் பெண் என்னிடம் வந்தார். "மேடம், நீங்க எடுத்த படத்துல பிள்ளை இருக்காமே. அழிச்சுருங்க. அழிச்சது போய்ச் சேர்ற குப்பைத் தொட்டியிலயும் அழிச்சுருங்க." அவர் எதிரிலேயே அழித்தேன். பந்தலிலும் அருவியிலும் போனை வெளியே எடுக்கவில்லை, அந்தப் பயணத்தில் எடுத்த ஒரே படம் அதுதான். அதன் பிறகு வேறு படம் எடுக்கக் கை போகவில்லை. படம் இல்லாத காரணம் இப்போது தெரிந்திருக்கும்.

மீதி வளைவுகளை ஏறும்போது முன் இருக்கையில் உட்கார்ந்து ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"விடுங்கக்கா. ஸ்டாண்டுல எங்களுக்கு ஒரு பழக்கம். பள்ளிக்கூடத்து வயசுல பிள்ளை ஏறுனா எத்தனாவதுன்னு கேப்போம். பிள்ளையக் கேட்டா பிள்ளைதான் பதில் சொல்லணும். ரெண்டு தடவையும் பெரியவுகளே பதில் சொன்னாகன்னா, அந்த வளைவுல நிப்பாட்டிருவோம். அதுக்கு மேல நம்ம டவர் கிடைக்காது. நான் ஸ்டாண்டுக்குச் சொன்னேன், ஸ்டாண்டுல இருந்து மத்த வண்டிக்கெல்லாம் சொல்லிட்டாக."

"அதனாலதான் அந்தக் காலி ஜீப் நிக்கலையா?"

"பின்ன? டீச்சர் ஏழரைக்கே உதவி மையத்துக்குச் சொல்லிட்டாகளாம், அந்தப் பிள்ளையோட கூட்டாளி வந்து அழுதுச்சுன்னு. எந்தப் பக்கம் போனாகன்னுதான் தெரியாம இருந்திருக்காக. நம்ம போனும் அவுக தேடுறதும் ஸ்டாண்டுல வந்து சேந்துக்கிருச்சு."

எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பு இந்த மேசையிலிருந்து பக்கத்து மேசைக்குப் போக மூன்று நாள் ஆகும். இங்கே பள்ளிக்கூடம், உதவி மையம், காவல்துறை, வருவாய்த்துறை, ஜீப் ஸ்டாண்டு எல்லாம் நாற்பது நிமிடத்தில் ஒரே வளைவில் வந்து நின்றுவிட்டன. இருபத்திரண்டு வருடம் அரசு வேலை பார்த்தவள் நான். இப்படி ஒரு வேகத்தை அன்றுதான் பார்த்தேன்.

அதிசயம் அதோடு முடியவில்லை. மெட்டின் சோதனைச் சாவடியில் எங்கள் ஜீப்புக்காக ஒரு பெண் காத்திருந்தார். கேரளப் பக்கத்து அங்கன்வாடி டீச்சர். மாப்பிள்ளை வீட்டில் பந்தல் போடுவதைப் பார்த்து சந்தேகப்பட்டு, தன் பங்குக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டு, கீழே தவறவிட்டால் இங்காவது தடுக்கலாம் என்று அங்கிருந்த காவலர்களோடு நின்றிருந்தார். ஜீப் நிற்பதற்குள் ஓடிவந்து, "குட்டியெ கிட்டியோ?" என்று, பிள்ளை கிடைத்தாளா என மலையாளத்தில் கேட்டார்.

"கிட்டி சேச்சி, கிட்டி" என்றார் ஓட்டுநர்.

அந்தப் பெண் அப்படியே சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பிள்ளையை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம், நடுவில் ஒரு கம்பி. மெட்டிலிருந்து தெரியும் பள்ளத்தாக்கு அற்புதம் என்பார்கள். உண்மைதான். ஆனால் நான் அன்று அதிக நேரம் பார்த்தது அந்தப் பெண்ணைத்தான்.

இதை எழுதலாமா, விஷயம் வெளியே தெரிந்தால் கெட்டுவிடாதா என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "எழுதுங்கக்கா. தெரிஞ்சா பயப்படுவாகள்ல. பயந்தா ஜீப்புல ஏத்தவே மாட்டாக" என்றார். பிள்ளையின் ஊர், பெயர், எத்தனையாவது வளைவு எதையும் நான் எழுதவில்லை. கேட்டு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலை எட்டுக்கு முன்பே ஸ்டாண்டில் இருங்கள். குளிருக்கு ஒரு துண்டு போதும். மெட்டில் மதியச் சாப்பாடு எழுபது ரூபாய், மீன் நன்றாக இருக்கும். திரும்பி இறங்க மூன்று மணிக்கு மேல் ஜீப்புகள் நிறைய வரும். குழந்தைகளோடு போனால் ஓட்டுநர் அவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். நீங்கள் முந்திக்கொள்ளாமல் அவர்களையே பேச விடுங்கள். குழந்தைகள் உதவி எண்ணைப் போனில் ஏற்றி வையுங்கள், நானும் அன்றைக்குத்தான் ஏற்றினேன்.

கடைசியாக ஒன்று. பாதி மலையில் எஞ்சின் சூடாகிவிட்டது என்று ஓட்டுநர் சொன்னால், சூடாகிவிட்டது. பானட்டைத் தொட்டுப் பார்க்காதீர்கள். இறங்கி டீ குடியுங்கள்.