வசந்தியின் சாப்பாட்டுப் பெட்டி மூடி

பேய், சகுனம் என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். பாரிஸில் லாச்சப்பலில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறேன், வெண்டிக்காயைக்கூட நுனி முறித்துப் பார்த்துத்தான் நம்புவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதற்காக நீங்கள் நம்பத் தேவையில்லை, சிரிப்பதென்றால் கதை முடிந்த பிறகு சிரியுங்கள்.

எனக்குத் திங்கட்கிழமை நெஞ்சில் ஒப்பரேஷன். அதற்கு முதல் ஒருதரம் கடல் பார்க்க ஆசை வந்தது. சனிக்கிழமை இருட்டோடு நானும் மனைவி வசந்தியும் பொபினியில் இருக்கிற வீட்டிலிருந்து வெளிக்கிட்டு பிரான்சின் மேற்குக் கரையில் ஒரு சின்னத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே பழைய காலத்துக் குட்டி ரயில் ஒன்று பைன் காட்டுக்குள்ளால் கடற்கரைக்கு ஓடுகிறது. ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காத பென்ஷன்காரர்கள். மணலில் புதைந்து கிடந்த தண்டவாளத்தைத் தாங்களே கிண்டி எடுத்ததாக, டிக்கெட் கிழித்த பெரியவர் பெருமையாகச் சொன்னார். எண்ணெய்க் கையோடு அவர்கள் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிரச்சினை வசந்தியின் விரதம். அன்று புரட்டாதிச் சனி. காகத்துக்குச் சோறு வைத்து, அது கொத்திய பிறகுதான் அவள் சாப்பிடுவாள். வீட்டில் பல்கனியில் வைத்தால் உடனே வந்துவிடும், அன்று நாங்கள் வெளிக்கிடும்போது காகமே எழும்பவில்லை. காகம் இல்லாத இடமும் உண்டா என்று சோற்றைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தீவில் பார்த்தால், திரும்பிய பக்கமெல்லாம் கடற்பறவைகள்தான்.

"இஞ்சரும், உதுவும் காகம்தான், வெள்ளை அடிச்சிருக்கு. வைச்சுப்போட்டுச் சாப்பிடும்," என்றேன். அவளுக்குச் சீனி வருத்தம், பசி கிடக்கக் கூடாது, ரயிலில் ஏறும்போதே கை நடுங்கத் தொடங்கியிருந்தது.

"பகிடி விடாதேங்கோ. திங்கக்கிழமை வெட்டப் போறது உங்கடை நெஞ்சை. காகம் எடுக்காமல் நான் ஒரு பருக்கையும் தொடமாட்டன்."

எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. என் ஒப்பரேஷனை நினைத்துக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை, இவள் மயங்கி விழுந்தால் இந்தக் காட்டுக்குள் என்ன செய்வேன்?

அப்போது ரயில் நின்றது. காட்டுக்கு நடுவில் பலகையால் அடித்த ஒரு சின்ன மேடை, பெயர்ப்பலகைகூட இல்லை. மேடையில் ஒரு காகம். நம்பினால் நம்புங்கள், அது எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. வசந்தி குதித்து இறங்கி, சாப்பாட்டுப் பெட்டியின் எவர்சில்வர் மூடியைக் கழற்றி, அதில் எள்ளுச் சோற்றை வைத்தாள். காகம் பறக்கவும் இல்லை, கரையவும் இல்லை, ஆறுதலாகச் சாப்பிட்டது. எதிரே இருந்த வெள்ளைக்காரக் குடும்பம் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரயில் கூவியதும் நான் பதறி அவளை இழுத்து ஏற்ற, மூடி அங்கேயே தங்கிவிட்டது. அவளுக்கு அந்தக் கவலையே இல்லை. எனக்கும் ஒரு வாய் தீத்திவிட்டு வயிறு நிறையச் சாப்பிட்டாள். கடற்கரையில் கால் நனைத்து, நாங்கள் அவ்வளவு சிரித்து எத்தனையோ காலம்.

திரும்பி வரும்போது மேடையைத் தேடி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம். மரமும் மணலும்தான் வந்தன. இறங்கியதும் டிக்கெட் பெரியவரிடம் கேட்டேன். வழியில் தரிப்பிடமே கிடையாது, ரயில் எங்கேயும் நிற்கவில்லை என்றார்.

"இஞ்சருங்கோ, அங்கை பாருங்கோ," என்றாள் வசந்தி.

ஸ்டேஷனை ஒட்டியிருந்த அவர்களுடைய பட்டறை மேசையில் ஒரு தட்டு நிறையத் துருப்பிடித்த ஆணிகள். அவள் கேட்காமலே ஆணிகளைக் கொட்டினாள். மங்கி, கீறல் விழுந்து கிடந்த எவர்சில்வர் மூடி. நடுவில் தமிழில் 'செ. வசந்தி'. கலியாணத்துக்கு அவளுடைய அப்பா வாங்கித் தந்த பெட்டி, கடையிலேயே பெயர் வெட்டுவித்தது.

தண்டவாளத்தைக் கிண்டிய முதல் வருடம் மணலுக்கு அடியில் கிடைத்தது என்றார் பெரியவர். அந்த எழுத்தை ஏதோ பூ வேலை என்று நினைத்தாராம். தாராளமாகக் கொண்டு போங்கள் என்று தந்துவிட்டார்.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் மரக்கறிப் பெட்டி தூக்குகிறேன், வசந்தி ஏசுகிறாள், வாழ்க்கை நன்றாகத்தான் போகிறது. இன்றைக்கும் நான் சகுனம் பார்ப்பதில்லை. ஆனால் அந்தப் பெட்டி இன்னும் பளபளக்கிறது, மூடியின் துருக்கறை எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அழுத்தினால் 'டக்' என்று அளவாகப் பொருந்துகிறது. காலையில் சோற்றைப் போட்டுவிட்டு, "அதை ஒருக்கா மூடிவிடுங்கோ," என்பாள் வசந்தி. கடைக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழும்பிப் போய்விடுவேன்.